தட்டானும் வண்ணத்துப்பூச்சியும் தேடிப் போகிறவர்களுக்கு: பூங்கா, ஏரிக்கரை, புதர்க்காடு

சென்னையையும் அதைச் சுற்றியுள்ள சமவெளியையும் மனத்தில் வைத்து எழுதிய பதில்கள் இவை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் பக்கத்துக்காரர்களுக்கும் பெரும்பாலும் அப்படியே பொருந்தும். மேற்கு மலைத்தொடர் அடிவாரத்தில் இருப்பவர்களுக்கு இனங்கள் கூடும், பருவம் கொஞ்சம் மாறும்.

எங்கே போய்த் தேடுவது?

வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய இடமே நல்ல இடம். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால்தான் எது எப்போது வருகிறது, எங்கே உட்காருகிறது என்பது பிடிபடும்.

தட்டானுக்கு ஏரியும் குட்டையும் முதல் தேர்வு. ஏரியின் நடுப்பகுதியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். கோரையும் அல்லியும் முளைத்த ஆழமில்லாத ஓரம், உபரிநீர் வழியும் கலங்கலுக்குக் கீழே தேங்கும் நீர், மதகிலிருந்து கசியும் வாய்க்கால், இவற்றில்தான் கூட்டம். ஆகாயத்தாமரை முழுக்க மூடிய ஏரியில் இனங்கள் குறைவு. திறந்த நீர்ப்பரப்பு கொஞ்சமாவது தெரிய வேண்டும்.

வண்ணத்துப்பூச்சிக்குப் பூங்காவும் புதர்க்காடும். கிண்டி சிறுவர் பூங்கா, செம்மொழிப் பூங்கா போன்ற இடங்களில் தொடங்கலாம். கிண்டி தேசியப் பூங்காவின் உட்பகுதி, நன்மங்கலம் காப்புக்காடு போன்றவற்றுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதி இல்லையென்றாலும் நட்டமில்லை. காட்டின் விளிம்பில், வெயில் விழும் பாதையோரத்தில் தெரிவதே அதிகம்.

எந்த மாதம், எந்த நேரம்?

வடகிழக்குப் பருவமழைதான் இங்கே கணக்கு. செப்டம்பர் மாத மாலை மழைகளிலேயே எண்ணிக்கை ஏறத் தொடங்கி, அக்டோபர் முதல் ஜனவரி வரை உச்சத்தில் இருக்கும். விடாமல் கொட்டும் நாளில் எதுவும் பறக்காது. மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்த காலை கிடைத்தால் விடாதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் புதர்க்காடு காய்ந்து கிடக்கும். அப்போது நீர் வற்றாத குட்டைகளையும் தண்ணீர் ஊற்றிப் பராமரிக்கும் பூங்காக்களையும் மட்டும் பாருங்கள்.

நேரம் என்றால் காலை எட்டு முதல் பதினொன்று வரை. எட்டு மணிக்கு முன் வண்ணத்துப்பூச்சிகள் சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருக்கும். படம் எடுக்க அது தோதான நேரம், எண்ணுவதற்கு அல்ல. நண்பகலுக்கு மேல் பெரும்பாலானவை நிழலுக்குள் போய்விடும். சென்னையில் கடற்காற்று எழுந்துவிட்டால் கரையின் காற்றுப்படாத பக்கத்துக்கு நகர்ந்து, அங்குள்ள புதர்களைப் பாருங்கள். தட்டான்கள் வரிசையாக ஒதுங்கியிருக்கும்.

பொழுது சாயும் அரைமணி நேரத்துக்குத் தனிக் கூட்டம் ஒன்று உண்டு. கோரல் டெயில்டு கிளவுட்விங் என்னும் சிவந்த தட்டான் அந்தியில்தான் நீரின் மேல் விரைந்து பறக்கும். ஆணின் பின்சிறகில் உள்ள வெள்ளைத் திட்டு மங்கிய வெளிச்சத்திலும் பளிச்சிடும். ஈவ்னிங் பிரவுன் என்ற பழுப்பு வண்ணத்துப்பூச்சியும் அப்போதுதான் சருகிலிருந்து எழும்.

எங்கள் பூங்காவில் குளமே இல்லை. தட்டான் இருக்குமா?

இருக்கும். முதிர்ந்த தட்டான் இரை தேடி நீரை விட்டு வெகுதூரம் போகும். புல்தரையில் காலடிக்கு முன்னால் எழுந்து இரண்டடி தள்ளி மண்ணிலேயே உட்காருவது கிரவுண்ட் ஸ்கிம்மர். இளையது பச்சை கலந்த மஞ்சள். ஆண் முதிர முதிர நீலச் சாம்பல் பூசிக்கொள்ளும். சுற்றுச்சுவரையும் சிமென்ட் தொட்டியையும் உற்றுப் பாருங்கள். கருங்கல் நிறத்தில் புள்ளி புள்ளியாக, சுவரோடு சுவராக ஒட்டியிருப்பது கிரானைட் கோஸ்ட். அது சிமென்ட் தொட்டித் தண்ணீரிலேயே முட்டையிட்டு வளரும். அசையும்வரை பெரும்பாலோர் கண்ணில் படாது.

தட்டானையும் ஊசித்தட்டானையும் எப்படிப் பிரிப்பது?

கண்ணைப் பாருங்கள். ஊசித்தட்டானுக்குக் கண்கள் தலையின் இரு முனையிலும் விலகி நிற்கும். தட்டானுக்குப் பெரும்பாலும் நடுவில் ஒட்டியிருக்கும். உட்காரும்போது ஊசித்தட்டான் சிறகை முதுகின்மேல் சேர்த்து மடக்கும், தட்டான் விரித்தே வைத்திருக்கும். இரண்டிலும் விதிவிலக்கு உண்டு. கிளப்டெயில் குடும்பத்துத் தட்டானுக்குக் கண்கள் ஒட்டாது. ஸ்பிரெட்விங் வகை ஊசித்தட்டான் சிறகைப் பாதி திறந்து வைக்கும். உடம்பின் பருமனையும் சேர்த்துப் பார்த்தால் குழப்பம் வராது.

முதலில் எந்தத் தட்டான்களைக் கற்றுக்கொள்வது?

ஒன்பது போதும். இவற்றை ஐயமில்லாமல் சொல்ல வந்துவிட்டால், புதிதாக ஒன்று வரும்போது அது வேறு என்பது தானாகத் தெரியும்.

சாக்கடை ஓரத்தில்கூட இருக்கும் ஆரஞ்சுச் சிறகுத் தட்டான் டிட்ச் ஜுவல். கெட்டுப்போன நீரையும் தாங்கும் இனம். ஓர் ஏரியில் இது மட்டுமே கூட்டமாக இருந்தால் அந்த நீரின் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். தலைமுதல் வால்வரை மிளகாய்ப்பழச் சிவப்பு என்றால் ரட்டி மார்ஷ் ஸ்கிம்மரின் ஆண். அதே சிவப்பில் ஊதாரோசா கலந்திருந்தால் கிரிம்சன் மார்ஷ் கிளைடர். இலங்கைத் தீவிலிருந்து இமய அடிவாரம்வரை எங்கும் தெரியும் இன்னொன்று கிரீன் மார்ஷ் ஹாக்: வெளிர்பச்சையில் கருப்புக் கோடு, வயிற்றின் அடிப்பகுதி புடைத்து அப்புறம் ஊசியாக மெலியும். இது மற்றத் தட்டான்களையும் வண்ணத்துப்பூச்சிகளையும் பிடித்துத் தின்னும். இது உட்கார்ந்திருக்கும் குச்சியைச் சுற்றிக் கீழே பாருங்கள், உதிர்ந்த சிறகுகள் கிடக்கும்.

மஞ்சளும் கருப்பும் கலந்த அகன்ற சிறகோடு மிதப்பதுபோல் பறப்பது காமன் பிக்சர்விங். புதியவர்கள் இதை வண்ணத்துப்பூச்சிப் பட்டியலில் எழுதிவிடுவது வழக்கம். நீரின்மேல் நீட்டிய மொட்டைக் குச்சி நுனியில் கருப்பு மஞ்சள் பட்டைகளோடு பெரிதாக ஒன்று உட்கார்ந்து, வால் நுனிக்கு அருகே இலைபோல் விரிந்த மடல் தெரிந்தால் காமன் கிளப்டெயில்.

ஊசித்தட்டான்களில் மூன்று. வயிறு முழுக்க எலுமிச்சை மஞ்சள் என்றால் கோரமண்டல் மார்ஷ் டார்ட்டின் ஆண். கரிய வயிற்றின் நுனியில் ஒரு நீலப் பொட்டு வைத்தது செனகல் கோல்டன் டார்ட்லெட். கோரைக்குள் குனிந்து பார்த்தால் மட்டும் தெரியும் மிகச் சிறியது பிக்மி டார்ட்லெட். ஆணுக்கு வால் நுனி செங்கல் சிவப்பு. இளம் பெண் முழுச்சிவப்பாக இருக்கும், வயதாக ஆகப் பச்சைக்கு மாறும். அதனால் ஒரே இனத்தை மூன்றாக எண்ணிவிடுவார்கள்.

ஆண், பெண் எப்படித் தெரியும்?

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். இளம் ஆணும் பெண்ணின் நிறத்திலேயே இருக்கும். பக்கவாட்டில் எடுத்த படத்தில் வயிற்றின் இரண்டாம் கண்டத்துக்கு அடியில் சிறு புடைப்பு துருத்திக்கொண்டு தெரிந்தால் ஆண். ஆணின் துணை இனவுறுப்பு அங்கேதான் இருக்கிறது. ஒன்று மற்றொன்றின் கழுத்தைப் பிடித்தபடி சோடியாகப் பறந்தால் முன்னால் போவது ஆண்.

உடம்பு வெளிறி, சிறகு கண்ணாடித்தாள் போல மினுங்கி, எழுந்தாலும் தடுமாறிப் பறக்கிறதென்றால் அது அன்று காலைதான் தோலுரித்து வந்தது. தொட வேண்டாம். அந்தச் சிறகில் விரல் பட்டால் கோணலாகவே இறுகிவிடும். பக்கத்துக் கோரைத் தண்டில் அது விட்டுவந்த காய்ந்த தோல் ஒட்டியிருக்கும். அதைப் படம் எடுத்து வையுங்கள். அந்த நீரில் அந்த இனம் இனப்பெருக்கம் செய்கிறது என்பதற்கு அதைவிட உறுதியான சான்று இல்லை.

வண்ணத்துப்பூச்சி தேட எந்தச் செடிகளைப் பார்க்க வேண்டும்?

பூவைத் தேடினால் கடந்துபோகிறவை கிடைக்கும். புழுவுக்கு உணவான செடியைத் தேடினால் அங்கேயே குடியிருப்பவை கிடைக்கும். பின்னதுதான் பலன் தரும் வழி.

எருக்கஞ்செடியில் வெந்தய வரியன். இலையின் அடியில் ஒற்றை ஒற்றையாக வெளிறிய முட்டை, கருப்பு வெள்ளை மஞ்சள் வளையமிட்ட புழு, பச்சை மணிபோலத் தொங்கும் கூட்டுப்புழு என்று மூன்றையும் ஒரே புதரில் காணலாம். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் கொழுந்திலையைப் பாருங்கள். பறவை எச்சம் விழுந்ததுபோல் இருப்பது பெரும்பாலும் எச்சமல்ல, காமன் மார்மன் போன்ற அழகிக் குடும்பத்து வண்ணத்துப்பூச்சிகளின் இளம்புழு. லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்பு ஒன்றை நீட்டி வாடை வீசும். அரளியில் வெண்புள்ளிக் கருப்பனின் கூட்டுப்புழு வெள்ளி முலாம் பூசியதுபோல் தொங்கும். பூங்கா வேலிக்கு அரளி வைப்பது வழக்கம் என்பதால் நகரத்தில் எளிதாகக் கிடைப்பது இதுவே, வேலியை வெட்டாமல் விட்டிருந்தால்.

சரக்கொன்றையில் எமிகிரண்ட் எனப்படும் வெளிர்மஞ்சள் இனம், நெட்டிலிங்கத்தில் டெயில்டு ஜே, ஆமணக்கில் காஸ்டர், இலந்தையில் கருப்பு வெள்ளைப் புள்ளிச் சிறுபூச்சியான காமன் பியரோ, மாமரத்தில் காமன் பேரன், வேலியில் படரும் சிறுபூனைக்காலியில் டானி கோஸ்டர். மரக்கிளையில் புல்லுருவி ஒட்டியிருந்தால் அண்ணாந்து பாருங்கள், காமன் ஜெசபெல் வரும்.

கிலுகிலுப்பையும் தேள்கொடுக்கும் வேறு கணக்கு. வரியன்களும் கருப்பன்களும், குறிப்பாக ஆண்கள், காய்ந்த தண்டையும் கீறிய இலையையும் உறிஞ்ச வரும். அவற்றுக்கு வேண்டியது தேன் அல்ல, அந்தச் செடியிலுள்ள ஒருவகை ஆல்கலாய்டு. பெண்ணைக் கவரும் மணத்தை அதிலிருந்துதான் உண்டாக்கிக்கொள்கின்றன. ஒரு செடியில் பத்திருபது ஒட்டியிருக்கும். கிட்டப் போனாலும் எளிதில் எழாது. ஈரமண்ணில் கூட்டமாக உட்கார்ந்து உறிஞ்சுவதும் பெரும்பாலும் ஆண்களே, அது உப்புக்காக.

முட்புதர்க்காட்டில் தனியாக என்ன கிடைக்கும்?

பூங்காவில் வராதவை. விழுதி, சங்கஞ்செடி, ஆதொண்டை என்று யாரும் நட்டு வளர்க்காத செடிகள் அங்கே இருக்கின்றன. வெள்ளைச் சிறகின் நுனியில் குங்குமம் தோய்த்ததுபோன்ற கிரிம்சன் டிப் விழுதிக்கு வரும். சங்கஞ்செடியைச் சுற்றிச் சால்மன் நிறத்தில் தாழப் பறப்பது ஸ்மால் சால்மன் அராப். ஆதொண்டையில் பயனியரும் ஆரஞ்சு நுனி இனங்களும். வெட்டவெளிச் செம்மண் பாதையில் சிறகை விரித்து உட்கார்ந்து எழுந்து மறுபடி அதே இடத்துக்கு வருவது யெல்லோ பேன்சி.

அரசுக் கோப்பில் "தரிசு" என்று எழுதப்படும் நிலம் பெரும்பாலும் இதுதான். சீமைக்கருவேலம் அடர்ந்துவிட்ட பகுதியில் இந்தச் செடிகள் நசுங்கிப்போகும், பூச்சியும் குறையும். ஆகவே அடர்ந்த முள்ளுக்குள் நுழையாமல், புல்லும் குட்டைப்புதரும் மாறி மாறி வரும் திறந்த திட்டுகளில் நேரத்தைச் செலவழியுங்கள்.

ஒன்றைப்போலவே இன்னொன்று இருக்கிறதே?

ஏமாற்றுவதற்காகவே அப்படி இருக்கின்றன. ரோஜா அழகியும் சிவப்புடல் அழகியும் ஆடுதீண்டாப்பாளையைத் தின்று வளர்வதால் பறவைக்கு ஆகாதவை. கறிவேப்பிலையில் வளரும் காமன் மார்மன் பறவைக்கு நல்ல இரை. அதன் பெண்களில் ஒரு வடிவம் ரோஜா அழகியையும், இன்னொரு வடிவம் சிவப்புடல் அழகியையும் அச்சாகப் போல இருக்கும்.

சிறகைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள், உடம்பைப் பாருங்கள். இட்லிப்பூவில் தேன் குடிக்கும்போது பக்கவாட்டில் நின்றால் தலையோரமும் வயிறும் சிவப்பாகத் தெரியும், அது ரோஜா அழகியோ சிவப்புடல் அழகியோ. உடம்பு முழுக்கக் கருப்பு என்றால் மார்மன். விரட்டும்போதும் தெரியும்: அழகி அவசரமில்லாமல் போகும், மார்மன் வேடத்தை மறந்து விருட்டென்று பாயும்.

வெந்தய வரியனைப் போல வேடமிடுவது டனாய்டு எக்ஃபிளையின் பெண். பின்சிறகின் நடுப்பகுதியில் மூன்று நான்கு கரும்புள்ளி இருந்தால் வரியன். நடுவில் ஒன்றும் இல்லாமல் மேல் விளிம்பில் மட்டும் ஒரு கரும்பொட்டு இருந்தால் எக்ஃபிளை.

பைனாகுலர் வாங்க வேண்டுமா? எது?

பெருக்கத்தைவிட, எவ்வளவு கிட்டத்தில் தெளிவாகத் தெரிகிறது என்பதே முக்கியம். பறவை பார்க்க வாங்கிய சில பைனாகுலர்களுக்கு நான்கு மீட்டருக்குள் இருப்பது மங்கிவிடும். இரண்டு மீட்டருக்குள் தெளிவு கிடைக்கும் 8x32 அல்லது 8x42 போதும். பென்டாக்ஸ் பப்பிலியோ அரை மீட்டர்வரை தெளிவு தரும். பூச்சிக்கென்றே ஒன்று வாங்குவதானால் அது. வாங்கும் முன் கடையிலேயே உங்கள் செருப்பைக் குனிந்து பாருங்கள், தெளிவாகத் தெரிகிறதா என்று.

கேமராவுக்கு 90 முதல் 105 மி.மீ. மேக்ரோ லென்ஸ் நல்லது. நீரின் நடுவே உட்காரும் பூச்சிகளுக்கு 300 மி.மீ. லென்ஸ் துளை எஃப்8, ஷட்டர் வேகம் ஒரு விநாடியில் 500-இல் ஒரு பங்கு என்று தொடங்குங்கள். கைப்பேசியானால் முழுக்கக் கிட்டப் போகாமல் இரண்டு மூன்று மடங்கு ஜூமில் வைத்து எடுங்கள். வெள்ளை, மஞ்சள் இனங்களுக்குத் திரையைத் தொட்டுப் பிடித்து வெளிச்சத்தைக் குறைக்காவிட்டால் சிறகு வெளுத்துவிடும்.

கிட்டப் போனாலே பறந்துவிடுகிறதே?

நிழல் விழுந்திருக்கும். சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்து, உங்கள் நிழல் அதன்மேல் படாத கோணத்தில் போங்கள். குனிந்து, நேராக, நிறுத்தி நிறுத்தி. கையைப் பக்கவாட்டில் நீட்டுவதுதான் விரட்டும்.

தட்டான் பறந்துபோனால் பின்னால் போக வேண்டாம். குச்சியில் உட்காரும் இனங்கள் அதே குச்சிக்குத் திரும்பும். இரண்டு மீட்டர் தள்ளி அசையாமல் நின்றால் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும். அடுத்த முறை அரை மீட்டர் நெருங்கி நில்லுங்கள். உச்சி வெயிலில் வயிற்றைச் சூரியனை நோக்கி நட்டுக்குத்தாக உயர்த்தியிருந்தால், உடம்பில் வெயில் படும் பரப்பைக் குறைக்கிறது என்று பொருள். ஓயாமல் ரோந்து சுற்றி உட்காரவே உட்காராத பெரிய தட்டான்களை விட்டுவிடுங்கள். அவற்றுக்கு அந்திநேரம்தான், அதுவும் கிளையில் தொங்கும்போது.

அடையாளம் காண எப்படிப் படம் எடுப்பது?

தட்டானுக்கு மூன்று: மேலிருந்து, பக்கவாட்டில், வால் நுனியைக் கிட்டத்தில். இனத்தைத் தீர்மானிக்கும் கொக்கிகள் அந்த நுனியில் உள்ளன. முன்னாலிருந்து கண்ணை மட்டும் எடுத்த படம் அழகாக இருக்கும், பயன்படாது.

வண்ணத்துப்பூச்சிக்குச் சிறகின் அடிப்பக்கம் கட்டாயம். புல்தரையில் பறக்கும் நகக்கண் அளவு நீலன்களும், துள்ளிப் பறக்கும் ஸ்கிப்பர்களும் மேலே ஒன்றுபோலவே இருக்கும். அடிப்பக்கப் புள்ளிகளின் வரிசைதான் பெயர் சொல்லும். எந்தச் செடியில் இருந்தது என்று செடியையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

படங்களை ஐநேச்சுரலிஸ்ட் அல்லது இந்தியப் பல்லுயிர் இணையதளத்தில் இடம், தேதியோடு ஏற்றலாம். தட்டான் படமானால் நீர் எப்படி இருந்தது என்றும் ஒரு வரி எழுதுங்கள். செப்டம்பரில் நாடு முழுக்க நடக்கும் வண்ணத்துப்பூச்சி மாதத்தில் பட்டியல்களையும் கேட்பார்கள்.

முறையாக எண்ண வேண்டுமென்றால்?

பிரிட்டனில் 1976 முதல் வண்ணத்துப்பூச்சிக் கணக்கெடுப்புத் திட்டம் பயன்படுத்தும் முறை எளிது. ஒரே பாதையை வாரம் ஒரு முறை சீராக நடக்க வேண்டும். இருபுறமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர், அந்தப் பெட்டிக்குள் வருவதை மட்டும் எண்ண வேண்டும். நம் ஊருக்குச் செய்யும் மாற்றம் நேரம் மட்டுமே: காலை பத்தரைக்குள் முடித்துவிடுங்கள். பாதை அரை கிலோமீட்டர் போதும்.

அடிக்கடி நடக்கும் தவறு இரண்டு. படம் எடுக்க நின்றுவிட்டு அந்த நேரத்தில் வருவதையெல்லாம் சேர்த்துவிடுவது ஒன்று. ஒன்றும் தெரியாத வாரத்தை எழுதாமல் விடுவது இன்னொன்று. பூஜ்யமும் எண்ணிக்கைதான்.

வலை வைத்துப் பிடிக்கலாமா? பிள்ளைகள் வாலில் நூல் கட்டுகிறார்களே?

இரண்டும் வேண்டாம். சில வண்ணத்துப்பூச்சிகள் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளன. காப்புக்காட்டிலும் தேசியப் பூங்காவிலும் அனுமதியின்றி எதையும் பிடிக்கக் கூடாது. பார்த்துப் பழக வலை தேவையும் இல்லை.

நூல் கட்டிய தட்டானின் வயிறு நடுவில் மடங்கிவிடும். அது அன்றைக்கே செத்துவிடும். திட்டுவதைவிட, காய்ந்த தட்டான் தோலைக் காட்டி, முதுகு பிளந்து வெளியே வந்த ஓட்டையைக் காட்டினால் பிள்ளைகள் நூலை மறந்துவிடுவார்கள். தட்டான் கொட்டாது, அதற்குக் கொடுக்கு கிடையாது. பெரியது கையில் அகப்பட்டால் கடிக்கும், அவ்வளவே.

தட்டான் தாழப் பறந்தால் மழை என்பது உண்மையா?

பாதிக்கு மேல் உண்மை. மழைக்கு முன் கூட்டமாக வருவது குளோப் ஸ்கிம்மர் என்னும் மஞ்சள் தட்டான். மழையில் புதிதாகத் தேங்கும் குட்டைகளில் முட்டையிட்டு, நீர் வற்றுமுன் ஒன்றரை மாதம் அளவில் வளர்ந்து பறந்துவிடும் இனம். ஆகவே மழை போகும் திசையிலேயே அதுவும் போகும். நன்னீர் அருகிய மாலத்தீவில் அக்டோபர் முதல் இவை வந்திறங்குவதைக் கவனித்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், இந்தியாவிலிருந்து கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவரை போகின்றன என்று 2009-இல் எழுதினார். சென்னை மைதானத்தில் இவற்றைப் பார்த்தால் எண்ணிக்கையோடு எந்தத் திசையில் போகின்றன என்பதையும் குறித்து வையுங்கள்.

மாநில வண்ணத்துப்பூச்சியை இங்கே பார்க்கலாமா?

முடியாது. 2019-இல் அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் மேற்கு மலைத்தொடரின் பசுமைக்காட்டு இனம். சமவெளிப் பூங்காவில் ஆரஞ்சு நிறத்தில் எதைப் பார்த்தாலும் பெரும்பாலும் வரியன், எக்ஃபிளையின் பெண், காஸ்டர், கோஸ்டர் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

பாதுகாப்புக்கு என்ன செய்ய வேண்டும்?

ஏரிக்கரைப் புல்லில் கண்ணாடிவிரியன் இருக்கும். மூடிய ஷூ, நீளக் கால்சட்டை, கால் வைக்கும் இடம் தெரிந்த பின் கால். பைனாகுலரில் பார்த்துக்கொண்டே நடக்கவே கூடாது. ஆகாயத்தாமரை மூடிய நீர் தரைபோலவே தெரியும், குச்சியால் குத்திப் பாருங்கள். வயல் ஓரத்தில் பூச்சிமருந்து அடித்த நாளில் போகாதீர்கள். எதுவும் பறக்காது, உங்களுக்கும் நல்லதல்ல.

பூங்காவில் செடியையெல்லாம் வெட்டிவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

தோட்டக்காரரிடம் நேரில் பேசுங்கள். "வெட்டாதீர்கள்" என்றால் நடக்காது, அவருக்கு மேலே கேட்பவர் இருக்கிறார். மூலையில் ஒரு திட்டை மட்டும் விடச் சொல்லுங்கள். எருக்கு இரண்டு, வெட்டுக்காயப்பூண்டும் தேள்கொடுக்கும் வளரும் பத்தடிப் புல், வேலியோரம் ஆடுதீண்டாப்பாளை ஒன்று. அரளி வேலியை ஒரே நாளில் முழுக்கக் கத்தரிக்காமல், பாதியை வெட்டி மூன்று வாரம் கழித்து மீதியை வெட்டினால் கூட்டுப்புழுக்கள் தப்பும்.

தொட்டியோ சிறு குளமோ இருந்தால் கப்பி மீன் விடுவதைத் தடுக்கப் பாருங்கள். கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று விடும் மீன், தட்டானின் நீரில் வாழும் இளம்பருவமான இளரியையும் தின்றுவிடும். கொசுப்புழுவுக்கு அந்த இளரியும் எமன்தான். இரண்டடி ஆழம், ஓரத்தில் நீருக்கு மேல் நீட்டும் கோரை நான்கு கொத்து, மீன் இல்லை. இப்படி விட்ட தொட்டிக்கு முதல் மழைக்காலத்திலேயே கிரானைட் கோஸ்டும் டார்ட்லெட்டும் வந்துவிடும்.